எலியின் அசைவும் மூளையின் ஏற்பிகளும்

(கோயம்புத்தூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



சரீர சாஸ்திரத்தில் ஒரு விஷயத்தைப் பொதுமக்களுக்கும் விளங்குமாறு எடுத்துரைக்க வேண்டும் என்னும் நியமத்தோடு ஏற்பட்ட இந்தச் சொற்பொழிவுக்கு, எலியின் மூளையில் டோபமைன் என்னும் இரசாயனப் பொருளை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் அப்பிராணியின் நடையையும் நிலையையும் எவ்வாறு ஆள்கின்றன என்பதை நான் பொருளாகக் கொண்டது உங்களில் சிலருக்கு வியப்பைத் தரக்கூடும். மனிதனின் நோய்கள் எத்தனையோ இருக்க, வயலில் கதிரை அறுத்து வளைக்குள் சேர்க்கும் ஒரு சிறு பிராணியின் கால்களைப் பற்றிப் பேசுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கேள்விக்கு விடை நம்முடைய ஊர்களிலேயே இருக்கிறது.

குழித்தறியில் அமர்ந்து மிதிகட்டைகளை மாற்றி மாற்றி மிதிக்கும் நெசவாளியும், கடைசல் பட்டறையில் இரும்பை மயிரிழை பிசகாமல் சீவும் தொழிலாளியும், வரப்பின்மேல் கால் வழுக்காமல் நடந்து தண்ணீர் கட்டும் குடியானவரும் கொங்கு நாட்டின் செல்வத்தைத் தங்கள் கைகால்களின் ஒழுங்கான சலனத்தாலேயே உண்டாக்கினர். அந்தச் சலனம் ஒருநாள் தடைப்படுமானால் அவர்கள் இழப்பது சம்பாத்தியத்தை மட்டும் அன்று, தாங்கள் யார் என்னும் அறிவையே ஒருவகையில் இழந்துவிடுகிறார்கள். நடுக்குவாதம் என்றும், 1817ஆம் ஆண்டில் அதை விரிவாக எழுதிய லண்டன் மருத்துவரின் பெயரால் பார்க்கின்சன் நோய் என்றும் வழங்கும் வியாதி பிடித்த ஒருவரைப் பாருங்கள். நாற்காலியை விட்டு எழ எண்ணுகிறார். தசைகளில் வலிமை இருக்கிறது. எண்ணமும் தெளிவாகவே இருக்கிறது. ஆயினும் எண்ணத்துக்கும் எழுச்சிக்கும் இடையே ஏதோ ஒன்று வழிவிட மறுக்கிறது. அந்த இடைவெளியில் நடப்பது என்ன என்பதை நமக்குக் கற்பித்த குரு, பெரும்பாலும் எலியே.

ஆராய்ச்சிக் கூடத்து எலி நம் பகுதிக்கு அந்நியமான பிராணியும் அன்று. இங்கிருந்து பார்த்தால் தெரிகிற நீலகிரியில், குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் 1918ஆம் ஆண்டு ராபர்ட் மக்காரிசன் தொடங்கிய ஆராய்ச்சி பின்னர்ப் போஷணை ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்குச் சென்று, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. சீக்கியர், பட்டாணியர், மராத்தியர், வங்காளியர், சென்னை மாகாணத்தார் என இந்நாட்டு மக்கள் பலருடைய ஆகாரங்களையும் அவர் குன்னூரில் எலிகளுக்குத் தனித்தனியே ஊட்டி வளர்த்துப் பார்த்ததில், கோதுமையும் பாலும் காய்கறியும் சேர்ந்த சீக்கியர் உணவை உண்டவை செழித்தும், தீட்டிய அரிசியையே நம்பிய நம்மவர் உணவை உண்டவை நலிந்தும் போயின என்னும் முடிவு அந்நாளில் பெரிய விவாதத்தை எழுப்பியது. எலியின் உடம்பில் தென்படும் நியாயம் மனிதன் உடம்புக்கும் பொருந்தும் என்ற நம்பிக்கை நம்முடைய மலைச்சாரலிலேயே அவ்வாறு வேர்விட்டது.

இனி டோபமைனுக்கு வருவோம். லண்டனில் பார்ஜர், யூயின்ஸ் என்னும் இருவர் 1910இல் இதைச் செயற்கையாக உண்டாக்கினர் என்றாலும், அதன்பின் ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் ஒருவரும் இதை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. உடம்பு நார்-அட்ரினலினைத் தயாரிக்கும் வழியில் இடையே தோன்றி மறையும் ஒரு படி என்பதற்கு மேல் இதற்கு மரியாதை கிடைக்கவில்லை. 1957இல் இங்கிலாந்தின் ரன்வெல் மருத்துவமனையில் பணியாற்றிய கேத்லீன் மாண்டகு என்னும் பெண்மணி எலி முதலிய பிராணிகளின் மூளையில் இது உள்ளதைக் கண்டார். அதே ஆண்டில் சுவீடன் நாட்டு லுண்ட் நகரத்தில் ஆர்வித் கார்ல்சன் செய்த பரிசோதனையே இதற்குச் சிங்காசனம் அளித்தது. அந்தப் பரிசோதனையின் இரண்டு பாத்திரங்களும் நம் நாட்டுச் செடிகளோடு சம்பந்தம் உடையவை என்பதால், அதை அவசரமின்றிச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது சர்ப்பகந்தி. பைத்தியம் தெளிவதற்கும் உறக்கம் வருவதற்கும் நம் வைத்தியர்கள் தலைமுறை தலைமுறையாகக் கையாண்ட இந்த வேரைப் பற்றி, உன்மாதத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மருந்தாகக் கல்கத்தாவில் கணநாத சேனும் கார்த்திக் சந்திர போஸும் 1931இல் எழுதினர். பம்பாயில் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் அதன் இரத்த அழுத்த குணத்தை மேல்நாட்டு மருத்துவப் பத்திரிகையில் நிலைநாட்டினார். அதன்பின் 1952இல் சுவிட்சர்லாந்தின் சிபா ஆய்வுக்கூடத்தார் அவ்வேரிலிருந்து ரெசர்பின் என்னும் சத்தைப் பிரித்தெடுத்தனர். இந்த ரெசர்பின், நரம்பணுக்களின் நுனியில் டோபமைன் முதலிய பொருள்களைச் சேமித்து வைக்கும் நுண்ணிய பைகளை நிரம்பவிடாமல் செய்து, சேமிப்பை அடியோடு வற்றச் செய்துவிடுகிறது.

இரண்டாவது பூனைக்காலி. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து வேலிகளிலும் புதர்களிலும் படர்ந்து, காயின்மேல் பொன்னிறச் சுணையைப் போர்த்துக்கொண்டு, தொட்டவர் உடம்பைப் பிடுங்கியெடுக்கும் அரிப்பால் ஆடு மாடு மேய்ப்போர் ஒவ்வொருவரும் அறிந்து ஒதுங்கிப் போகிற கொடி அது. அதன் விதையிலிருந்து எல்-டோபா என்னும் அமிலத்தைச் சென்னைப் பல்கலைக்கழகத்து உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் எம். தாமோதரனும் ஆர். இராமசுவாமியும் பிரித்தெடுத்து, அம்முடிவை 1937ஆம் ஆண்டு இங்கிலாந்தின் உயிர்வேதியியல் பத்திரிகையில் வெளியிட்டனர். ஐரோப்பாவில் மொச்சை இனத்து விதை ஒன்றில் 1913இலேயே இப்பொருள் கண்டறியப்பட்டிருந்ததாயினும், எல்-டோபாவின் செழிப்பான இயற்கைக் களஞ்சியம் ஒன்று நம் வேலியோரத்திலேயே இருக்கிறது என்பதை உலகுக்கு அறிவித்தது இந்தச் சென்னைக் கட்டுரைதான். எல்-டோபா மூளைக்குள் புகுந்தால் டோபமைனாக மாறும் என்பதும், அம்மாற்றத்தில் ஒருவருடைய நடை அடங்கியிருக்கிறது என்பதும் அந்நாளில் எவருக்கும் தெரியாது; பயனை எதிர்பாராமல், விதைக்குள் என்ன இருக்கிறது என்று அறியும் ஆவல் ஒன்றினாலேயே அவர்கள் அந்த வேலையைச் செய்து முடித்தனர். தமிழ்நாட்டு விஞ்ஞான சரித்திரத்தில் இக்கட்டுரைக்கு உரிய இடத்தை நாம் இன்னும் கொடுக்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பினைக் கொடுத்தார். அவை காதுகள் தொங்க, கண்கள் சொருக, தூக்கி வைத்த இடத்தில் வைத்தபடியே அசைவற்றுக் கிடந்தன. பிறகு அவற்றுக்கு டோபாவைச் செலுத்தினார். சிறிது நேரத்துக்குள் காதுகள் நிமிர்ந்தன. முயல்கள் எழுந்து நடமாடின. செரோடோனின் என்னும் மற்றொரு மூளை இரசாயனமாக மாறக்கூடிய வேறொரு பொருளைக் கொடுத்தபோது இந்த எழுச்சி உண்டாகவில்லை. அவர் கையாண்ட டோபா பூனைக்காலியிலிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை; ஆனால் பொருள் அதுவேதான். சர்ப்பகந்தி வற்றச் செய்ததைப் பூனைக்காலியின் சத்து நிரப்பியது என்று இதைச் சொன்னால் அது அலங்காரம் ஆகாது, நடந்ததை நடந்தபடி உரைப்பதே ஆகும். இக்கண்டுபிடிப்புக்காகக் கார்ல்சன் 2000ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பால் கிரீன்கார்டு, எரிக் காண்டெல் ஆகியோருடன் பகிர்ந்துகொண்டார்.

அதன்பின் காரியங்கள் வேகமாக நடந்தன. வியன்னாவில் ஓலே ஹார்னிகீவிச் 1960இல் நடுக்குவாதத்தால் இறந்தோரின் மூளையில் டோபமைன் வெகுவாகக் குறைந்திருப்பதைக் காட்டினார். மறு ஆண்டே நோயாளிகளுக்கு எல்-டோபா செலுத்தப்பட்டது. 1967இல் அமெரிக்காவில் ஜார்ஜ் காட்சியாஸ் டோபாவை வாய்வழியே பெரிய அளவில் கொடுத்து நிலையான பயன் கண்டார். இன்றளவும் அந்நோய்க்கு இதைவிடச் சிறந்த மருந்து ஒன்று வாய்த்துவிடவில்லை.

சரித்திரம் இவ்வளவில் முடிந்திருந்தால், டோபமைன் இருந்தால் அசைவு, இல்லாவிட்டால் அசைவின்மை என்று ஒரே வரியில் கூறிவிட்டு நான் அமர்ந்துவிடலாம். எலிகள் நமக்குச் சொன்னது அதைவிட ஆழமானது. அனுப்பப்படும் பொருளின் அளவு எத்துணை முக்கியமோ, அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளின் இயல்பும் நிலையும் அத்துணை முக்கியம் என்பதும், அந்த ஏற்பிகள் காலத்துக்கும் இழப்புக்கும் ஏற்பத் தம்மை மாற்றிக்கொள்கின்றன என்பதுமே இச்சொற்பொழிவின் சாரம்.

நடு மூளையில், நிறமி செறிந்து கருத்திருப்பதால் சப்ஸ்டான்சியா நைக்ரா என்று பெயர் பெற்ற ஒரு சிறு பகுதி உண்டு. அங்குள்ள நரம்பணுக்கள் தம் நீண்ட இழைகளை முன்னோக்கி அனுப்பி, ஸ்ட்ரையேட்டம் என்னும் பெரிய நரம்புத் திரளில் டோபமைனைச் சொரிகின்றன என்பதை 1960களில் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் எலியின் மூளைத் துண்டுகளைப் பச்சை ஒளி வீசும்படி பதப்படுத்தி வரைபடமாகவே காட்டினர். ஸ்ட்ரையேட்டத்தில் உள்ள அணுக்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து, முட்போன்ற நுண்புடைப்புகள் நிறைந்த ஒரே வகை அணுக்களே. ஆனால் உருவத்தில் ஒன்றாகத் தோன்றும் இவை, தம்மேல் தாங்கும் ஏற்பியால் இரண்டு குலங்களாகப் பிரிந்து நிற்கின்றன.

கிரீன்கார்டும் அவருடைய சகாக்களும் 1972இல் எலியின் ஸ்ட்ரையேட்டத் திசுவில் டோபமைனைச் சேர்த்தபோது, அணுவுக்குள் செய்தி பரப்பும் சைக்ளிக் ஏஎம்பி என்னும் பொருள் பெருகக் கண்டனர். ஏற்பி என்பது அதுவரை ஊகமாக இருந்தது. அன்று அளந்தறியக்கூடிய வஸ்துவாயிற்று. எல்லா ஏற்பிகளும் இவ்வாறு நடந்துகொள்வதில்லை என்பது விரைவில் தெரிந்தது. சைக்ளிக் ஏஎம்பியைப் பெருக்குவதற்கு டி1 என்றும், பெருக்காத மற்றொன்றுக்கு டி2 என்றும் கெபாபியனும் கால்னேயும் 1979இல் பெயரிட்டனர். டி2 அப்பொருளைக் குறைக்கவே செய்கிறது என்பது பின்னர் உறுதியாயிற்று. எலியின் டி2 ஏற்பிக்குரிய மரபுக்கூறு 1988இல் பிரித்தறியப்பட்டது. அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் குடும்பம் ஐந்தாக விரிந்தது. டி1-ஐச் சேர்ந்தது டி5. டி2-ஐச் சேர்ந்தவை டி3, டி4. அசைவைப் பொறுத்தவரை முதல் இரண்டுமே பிரதானமாகையால் மற்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

டி1 ஏற்பியைத் தாங்கிய அணுக்கள் நேர்வழியாகவும், டி2 ஏற்பியைத் தாங்கியவை சுற்றுவழியாகவும் தம் செய்தியை அனுப்புகின்றன என்பதைச் சார்ல்ஸ் கெர்ஃபனும் சகாக்களும் 1990இல் எலிகளில் தெளிவாக்கினர். இதை விளங்கிக்கொள்ளக் கீழ்பவானி வாய்க்காலின் மடை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மூளையின் வெளிவாயிலில் உள்ள அணுக்கள் ஓயாமல் அடைத்துக்கொண்டே இருக்கும் மடைப்பலகை; அசைவு என்பது பலகைக்குப் பின்னால் தேங்கி நிற்கும் நீர். நேர்வழி அணுக்கள் பலகையைத் தூக்குபவை. சுற்றுவழி அணுக்கள் அதை இன்னும் அழுத்திப் பிடிப்பவை. டோபமைன் வந்து சேரும்போது டி1 வழியாகத் தூக்குபவனை ஊக்குகிறது, டி2 வழியாக அழுத்துபவனின் கையைத் தளர்த்துகிறது. ஒரே பொருள், ஒரே வேளையில், இரு வேறு ஏற்பிகளின் மூலம் நேர்மாறான இரண்டு செயல்களைச் செய்தும், இரண்டும் கூடி ஒரே பலனைத் தருகின்றன. டோபமைன் இல்லாவிட்டால் தூக்குபவன் சோர்கிறான், அழுத்துபவன் வலுக்கிறான், நீர் நிற்கிறது. நடுக்குவாத நோயாளியின் எண்ணத்துக்கும் எழுச்சிக்கும் இடையே வழிமறிப்பது இதுவே.

இந்தக் கணக்கு சரியா என்பதைப் பரீட்சித்துப் பார்க்க ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் உர்பான் உங்கர்ஸ்டெட் செய்த ஏற்பாடு, பரிசோதனைக் கலையின் மிக அழகிய உதாரணங்களுள் ஒன்று என்று நான் கருதுகிறேன். 6-ஹைட்ராக்சிடோபமைன் என்னும் நஞ்சை டோபமைன் என்று ஏமாந்து உள்ளே இழுத்துக்கொள்ளும் நரம்பணுக்கள் அதனாலேயே மடிகின்றன என்று 1968இல் கண்ட அவர், அந்நஞ்சை எலியின் மூளையில் ஒரு பக்கத்தில் மட்டும் செலுத்தினார். இரு பக்கமும் அழிந்த எலி உண்ணாமலும் பருகாமலும் இறந்துபோகும். ஒரு பக்கம் மட்டும் அழிந்ததோ உயிரோடிருந்து, தன் உடம்பின் இரு பாதிகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் காட்டும் தராசாக ஆகிவிட்டது. டோபமைன் வலிமை எந்தப் பக்கத்தில் மிகுதியோ அதற்கு எதிர்ப்புறமாக எலி திரும்பும் என்பது நியதி. அரைக்கோள வடிவான கிண்ணத்தில் எலியை விட்டு, அதன் மார்பில் பூட்டிய கம்பியைச் சுழற்சி எண்ணும் கருவியோடு இணைத்து, அவரும் அர்புத்னாட்டும் 1970இல் அசைவை எண்ணாக மாற்றினர்.

அத்தகைய எலிக்கு ஆம்ஃபிடமைன் கொடுத்தால், மிஞ்சியுள்ள நரம்பணுக்களிலிருந்து டோபமைன் பீறிட்டு வருகிறது. நலமான பக்கத்தில்தான் அது உண்டாகையால், எலி சேதமான பக்கத்தை நோக்கியே சுழல்கிறது. இது எதிர்பார்த்ததுதான். அடுத்து, ஏற்பிகளை நேரடியாகத் தட்டியெழுப்பும் அப்போமார்ஃபினைக் கொடுத்தபோது எலி நேர்மாறாக, நலமான பக்கத்தை நோக்கிச் சுழன்றது. இது எப்படி? அப்போமார்ஃபின் இரு பக்கத்து ஏற்பிகளையும் சமமாகவே அடைகிறது. இருந்தும் அழிந்த பக்கமே வென்றது. டோபமைன் வராமற்போன பக்கத்தில் ஏற்பிகள் இறந்துவிடவில்லை, வருவதைத் துளியும் தவறவிடாத அளவுக்குக் கூர்மை பெற்றுவிட்டன என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் இல்லை. 1971இல் உங்கர்ஸ்டெட் வெளியிட்ட இம்முடிவை ஏற்பிகளின் மிகையுணர்ச்சி என்கிறோம்.

இதன் முக்கியத்துவத்தை மாணவர்கள் சிந்திக்க வேண்டும். டோபமைன் அணுக்கள் பெரும்பகுதி அழியும் வரை எலியிலும் மனிதனிலும் வெளிப்படையான குறைபாடு தோன்றுவதில்லை. மிஞ்சிய அணுக்கள் கூடுதலாக உழைப்பதோடு, வாங்கும் ஏற்பிகளும் கூர்மையடைந்து இழப்பை ஈடுசெய்கின்றன. நோய் வெளியில் தெரியும் நாளுக்கு நெடுங்காலம் முன்பே அது உள்ளே தொடங்கிவிட்டது என்பதையும், சரீரம் மௌனமாகப் போராடித் தோற்ற பின்பே நாம் மருத்துவரிடம் போகிறோம் என்பதையும் அந்தக் கிண்ணத்து எலி நமக்குக் காட்டியது.

இனி, நம்முடைய மருந்தியல் கல்லூரிகளில் மாணவர் பலரும் கற்கும் ஒரு பரிசோதனையைச் சொல்கிறேன். எலியின் முன்னங்கால்கள் இரண்டையும் தரையிலிருந்து சற்று உயரமான ஒரு குறுக்குச் சட்டத்தின்மேல் வைத்தால், சாதாரண எலி உடனே இறங்கிவிடும். 1958இல் பெல்ஜியத்தில் பால் ஜான்சன் உண்டாக்கிய ஹாலோபெரிடால் என்னும் மனநோய் மருந்தைக் கொடுத்த எலியோ, வைத்தது வைத்தபடி நிற்கும். அதற்குப் பலவீனம் இல்லை. கீழே விழுவதும் இல்லை. இறங்கத் தொடங்குவது மாத்திரம் நிகழவில்லை. இம்மருந்து டி2 ஏற்பிகளைப் பற்றிக்கொண்டு டோபமைனுக்கு இடமில்லாமல் செய்துவிடுகிறது. ஸ்ட்ரையேட்டத்தில் டி2 ஏற்பிகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் இவ்வாறு அடைபட்டால்தான் எலி உறைகிறது. அதே மருந்தை உண்ணும் மனிதரிலும், கதிர்ப்படத்தின் வாயிலாக அளந்தபோது, ஏறக்குறைய அதே எல்லைக்கு மேல்தான் உடல் இறுக்கமும் நடுக்கமும் தோன்றுகின்றன. எலிக்கும் மனிதனுக்கும் இடையே இவ்வளவு நெருங்கிய அளவொற்றுமை அமைவது அபூர்வம். மனநோய்க்கு மருந்துண்ணும் ஒருவர் விறைத்து நடப்பதைக் கண்டு அவர் நோய் முற்றிவிட்டது என்று உறவினர் கலங்குவதுண்டு. அது பெரும்பாலும் மருந்தின் அளவைப் பற்றிய சேதி என்பதை அறிந்து, அவர்கள் மருந்தைத் தாமே நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

டி1 ஏற்பியைத் தனியே அடைக்கும் மருந்து 1983இல் வந்தபோது அதுவும் எலியை உறையச் செய்தது. ஆகவே நலமான எலியில் இரண்டு ஏற்பிகளும் கூடினால்தான் அசைவு முழுமை பெறுகிறது. ஒன்றை மட்டும் தூண்டினால் பலன் அரைகுறையாகவே நிற்கிறது. டோபமைனை நெடுநாள் இழந்த எலியிலோ இந்தக் கூட்டுறவு குலைந்து, டி1ஐ மட்டும் தூண்டினாலும் டி2ஐ மட்டும் தூண்டினாலும் எலி எழுந்து ஓடுகிறது.

இவை எல்லாவற்றிலும் என் மனத்தை மிகவும் ஈர்த்த பரிசோதனை வேறு. 1976இல் அமெரிக்காவில் மார்ஷல், லெவிடன், ஸ்டிரிக்கர் ஆகியோர், இரு பக்கமும் டோபமைன் அழிந்து, தொட்டாலும் திரும்பாமல் கிடந்த எலிகளை ஆழமான நீரில் விட்டனர். அவை மூழ்கிப்போகும் என்றே எவரும் நினைத்திருப்பர். அவை நீந்தின. நான்கு கால்களும் ஒழுங்கு பிசகாமல், நலமான எலியைப் போலவே நீந்தின. வெளியே எடுத்த பின் சிறிது நேரம் வரை அந்த உயிர்ப்பு நீடித்து, பிறகு மீண்டும் உறைந்துவிட்டன. நடக்கவியலாத நடுக்குவாத நோயாளி வீடு தீப்பற்றியபோது எழுந்து ஓடியதாக மருத்துவ நூல்கள் கூறும் அதிசயத்தின் மறுவடிவம் இது. அசைவின் வரைபடம் அழியவில்லை. அதை எழுதிய சுவடி மூளையில் பத்திரமாகவே இருக்கிறது. சாதாரண வேளையில், சாதாரணமான ஒரு காரணத்துக்காக அதைத் தொடங்கும் எளிமையைத்தான் டோபமைன் ஏற்பிகள் நமக்கு அன்றாடம் அளித்து வருகின்றன. தண்ணீர் எடுக்க எழுவதற்கும், வாசலில் வந்தவரை வரவேற்கத் திரும்புவதற்கும் பேராபத்து எதுவும் தேவைப்படாமல் இருப்பதே அவற்றின் கொடை. அந்நோயாளிகளைப் பார்த்து, மனம் வைத்தால் எழலாமே என்று கடிந்துகொள்வோர் நம் வீடுகளில் உண்டு. மனம் வைத்தும் எழ முடியாமைதான் அந்நோய் என்பதை இந்த எலிகளைக் கொண்டு அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

முதுமையும் இதே வாயிலில்தான் வந்து தட்டுகிறது. வயதான எலியின் ஸ்ட்ரையேட்டத்தில் ஏற்பிகள் எண்ணிக்கையில் குறைகின்றன. நீரில் விட்டால் அது இளம் எலியைப் போல் தலை நிமிர்த்தி நீந்தாமல் தடுமாறுகிறது. மார்ஷலும் பெரியோஸும் 1979இல் கிழ எலிகளுக்கு அப்போமார்ஃபினோ எல்-டோபாவோ கொடுத்தபோது அவற்றின் நீச்சல் திருந்தியது. முதுமையில் நடை தளர்வதில் மூட்டுக்கும் தசைக்கும் மட்டும் அன்றி, மூளையின் இவ்வேற்பிகளுக்கும் பங்குண்டு என்பது அதனால் தெளிவாயிற்று. 1981இல் வேறொரு குழுவினர், ஆகாரத்தை மட்டுப்படுத்தி வளர்த்த எலிகளில் இவ்வேற்பிகளின் தேய்வு மந்தமாயிருப்பதைக் கண்டனர். குன்னூரில் மக்காரிசன் எலிகளின் உணவைப் பற்றி எழுப்பிய கேள்வி எங்கெங்கோ சுற்றி மூளையின் ஏற்பி வரை சென்றிருப்பதை எண்ணும்போது, விஞ்ஞானத்தின் பாதைகளை முன்கூட்டி வகுக்க முயல்வோர் மேல் எனக்கு அனுதாபமே உண்டாகிறது.

நான் சொன்ன மடைக் கணக்கு இறுதியானது என்று எவரும் கொள்ள வேண்டாம். 2013இல் சுண்டெலிகளில் இரு வழி அணுக்களின் செயலையும் தனித்தனியே ஒளியால் கண்காணித்தபோது, அசைவு தொடங்கும் வேளையில் இரண்டும் ஒருங்கே விழித்தெழுவது தெரிந்தது. ஒன்று தூக்க, மற்றொன்று அழுத்த என்று பிரித்துவைத்த ஏற்பாடு அதற்குப் போதவில்லை. வேண்டிய அசைவைத் தேர்ந்து வேண்டாதவற்றை விலக்க இரண்டும் ஒன்றுகூடுகின்றன போலும். சென்னை ஐ.ஐ.டி.யில் வி. ஸ்ரீனிவாச சக்கரவர்த்தியும் மாணவர்களும் சுற்றுவழியைப் புதிய செயல்களைத் தேடிப் பார்க்கும் கருவியாகக் கணித மாதிரிகளில் விளக்கி வருகின்றனர். நோயில் நிகழ்வதை விளக்கப் பழைய கணக்கு போதும். நலத்தில் நிகழ்வதை விளக்க அது போதாது என்பதே என் தற்போதைய கருத்து.

பூனைக்காலியைப் பற்றி இன்னும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். தென்னாட்டு மலைவாழ் மக்களிற் சிலர் இவ்விதையைப் பலமுறை வேகவைத்து, ஒவ்வொரு முறையும் நீரை வடித்துக் கொட்டி உண்பது வழக்கம். நம் பாரதியார் பல்கலைக்கழகத்துத் தாவரவியல் துறையில் பேராசிரியர் கே. ஜனார்த்தனனும் அவருடைய மாணவர்களும் இவ்விதைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, புரதம் மிகுந்த இப்பருப்பில் எல்-டோபா எவ்வளவு உள்ளது, ஊறவைத்தலாலும் வேகவைத்தலாலும் அது எவ்வளவு குறைகிறது என்பவற்றை அளந்து எழுதினர். மலைவாழ் மக்கள் நீரை வடித்துக் கொட்டுவதில் இருந்த காரண அறிவை இந்த அளவைகள் நமக்குத் துலக்கின. நீரோடு போவதில் பெரும்பகுதி எல்-டோபாவே.

அவர்கள் கழித்துக் கொட்டியதையே நோயாளி தேடுகிறார். 1997இல் ஹுசைனும் மன்யமும், ஒரு பக்கம் டோபமைன் அழிந்த எலிகளுக்குப் பூனைக்காலி விதைத்தூளைக் கொடுத்து, அதே அளவு எல்-டோபா தருவதைவிட அதிகமான சுழற்சியைக் கண்டனர். 2004இல் லண்டனில் எட்டு நோயாளிகளிடம் நடத்திய கட்டுப்பாடான பரிசோதனையில், 30 கிராம் விதைத்தூள் ஏறக்குறைய 35 நிமிஷத்திலும், வழக்கமான மாத்திரை ஏறக்குறைய 69 நிமிஷத்திலும் பலன் காட்டின. இச்செய்திகளைக் கேட்டு நாட்டு மருந்துக் கடையில் தூளை வாங்கித் தாமே உண்ணத் தொடங்குவோர் இருப்பதால், இங்கே ஓர் எச்சரிக்கையைக் கூறாமல் விடுவது பாபமாகும். விதைக்கு விதை எல்-டோபாவின் அளவு வேறுபடுகிறது. ஏற்கெனவே எல்-டோபா மாத்திரை உண்பவர் இதையும் சேர்த்தால் அளவு மிஞ்சும். ஹாலோபெரிடால் போன்ற மருந்து உண்பவர் இதைத் தொட்டால் அந்த மருந்தின் வேலை கெடும். மேலும், எல்-டோபாவை நெடுநாள் உண்டோரில் தாமாக நெளியும் கட்டுக்கடங்காத அசைவுகள் தோன்றுவதுண்டு. லுண்ட் நகரத்தாரே 1998இல் எலிகளிலும் இதை உண்டாக்கிக் காட்டினர். மிகையுணர்ச்சி பெற்ற டி1 ஏற்பிகளுக்கு இதில் பெரும்பங்கு உண்டு. கூர்மையடைந்த ஏற்பிமேல் திடீர் திடீரென வெள்ளமாக மருந்து விழுந்தால் ஏற்பி அதைத் தாங்காது. இயற்கை விதை ஆகையால் தீங்கில்லை என்னும் வாதத்துக்கு ஏற்பியிடம் செல்வாக்கு இல்லை.

பூனைக்காலிச் சாற்றில் இத்தகைய நெளிவு குறைகிறது என்று எலிகளைக் கொண்டே 2010இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. அது உண்மையாயின் காரணம் என்ன? விதையில் எல்-டோபாவோடு கூடிய வேறு பொருள்கள் எவை? டி1, டி2 ஏற்பிகளில் அவை எதனிடம் பேசுகின்றன? இக்கேள்விகளை ஆராய எலிகள் வேண்டும். அவை வலியை உணரும் ஜீவன்கள் என்பதை மறவாமல், 1960ஆம் ஆண்டுப் பிராணி வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த குழுவின் விதிகளை ஏட்டளவில் அன்றி மனப்பூர்வமாகக் கடைப்பிடித்து, குறைந்த எண்ணிக்கையில், நன்கு யோசித்த பரிசோதனைகளையே நாம் செய்ய வேண்டும். யோசனையற்ற பரிசோதனையில் மடியும் எலி வீணாகவே மடிகிறது.

ஆனைகட்டியிலிருந்து சத்தியமங்கலம் வரை உள்ள சரிவுகளில் படரும் பூனைக்காலிக் கொடிகளின் விதைகளை இடவாரியாகவும் பருவவாரியாகவும் சேகரித்து, எல்-டோபா குறைந்தவற்றை உணவுக்கென்றும் மிகுந்தவற்றை மருந்துக்கென்றும் இனம் பிரிக்கும் வேலை ஒன்று நமக்குக் காத்திருக்கிறது. கோ. 205 என்னும் கரும்பை உலகுக்குத் தந்த இந்த நகரத்துக்கு விதையைத் தெரிந்து வளர்க்கும் வித்தை புதிதன்று. பயிர் நூலாரும், இரசாயன நூலாரும், எலியின் சுழற்சியை எண்ணத் தெரிந்த மருந்தியலாரும், நோயாளியின் நடையைக் காணும் நரம்பியல் மருத்துவரும் ஒரே நகரத்தில், ஒருவருக்கொருவர் பேருந்தில் சென்று சேரும் தூரத்தில் இருக்கிறார்கள். மேசையைச் சுற்றி அவர்களை ஒருமுறை உட்கார வைக்கும் செலவை இவ்வறக்கட்டளையார் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவர்களிடம் நான் வைக்கும் விண்ணப்பம்.